அந்தக் கட்டம் பேசுமா

புதுவயல் வரும் முன்பே
அவித்த நெல்லின் வாடை
ஹெல்மெட்டுக்குள் ஏறிக்கொள்ளும்.
காரைக்குடியிலிருந்து தினமும் வருகிறேன்.
விற்பனைப் பிரிவு என்று
என்னையும் ஒரு மேசையையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

நேர்முகத்தில் சாத்தப்பன் கேட்டார்:
"என்னென்ன தெரியும்?"
எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த இளமாறனுக்கு
ஏழு சான்றிதழ்.
அவன் செய்த போஸ்டரில் சோறு
மல்லிகை மொட்டாக நிமிர்ந்து நிற்கும்,
ஆவிகூட அவன் வரைந்ததுதான்.
நான் சொன்னேன்:
"செய்யத் தெரியாதுங்க.
என்னவெல்லாம் செய்யலாம்னு கொஞ்சம் தெரியும்."
கணக்கெழுதும் உமையாள் பேனாவை நிறுத்தினாள்.
சாத்தப்பன் சிரித்தாரா, இருமினாரா,
இன்றுவரை தெரியாது.
சம்பளம் மட்டும் இளமாறனுடையதில் பாதி.

புகார்கள் அப்போது வாரம் தவறாமல் வரும்.
திருப்பத்தூர் மெஸ்ஸில் சோறு குழைந்தது.
அதே பொன்னி, அதே சாக்கு, அதே தையல்,
தேவகோட்டைக் கல்யாணத்தில் விறைத்தது.
புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும்
தண்ணீர்க் கணக்கு வேறு என்பது
மில்லில் பெருக்குகிறவருக்கும் தெரியும்.
மூட்டைக்குத்தான் சொல்லத் தெரியாது.
இளமாறன் அதற்கும் ஒரு போஸ்டர் விட்டுப் போயிருந்தான்:
"தரமே எங்கள் உயிர்."

ஒரு வெள்ளிக்கிழமை
காரைக்குடி ஸ்டேஷன் வண்டி நிறுத்தத்தில்
டோக்கன் ஒன்று கொடுத்தார்கள்,
கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சடித்தது.
செல்போனில் காட்டினால்
வண்டி வந்த நேரம், தரவேண்டிய பாக்கி, எல்லாம் சொன்னது.
தூறல். பின்னால் ஹாரன்.
நகராமல் நின்றேன்.
என் ஓட்டை ஸ்கூட்டிக்கே ஒரு ஜாதகம் உண்டென்றால்
இருபத்தாறு கிலோ அரிசிக்கு ஏன் இல்லை?

செக்காலை ரோட்டில் ஜெரால்டு,
கண்ணில் லென்ஸ், கையில்
யாருடையதோ செல்போனின் திறந்த வயிறு.
"முடியுமா?"
"இதுவா? ரெண்டு மணி நேர வேலை.
யாரும் கேட்டதில்லக்கா."
அவனுக்கு அரிசி தெரியாது.
அவன் தட்டியதில் ஓர் எழுத்தும் எனக்குப் புரியவில்லை.
எங்களுக்கு நடுவே இருந்த சுவரில்
ஒரு கேள்வி நுழையும் அளவுக்குத்தான் சந்து.

முதல் நூறு மூட்டை வீண்.
சாக்கு சுருங்கியதில் கட்டம் கோணிக்கொண்டு
எந்தப் போனைக் காட்டினாலும் திருதிருவென்று விழித்தது.
சாத்தப்பன் இருமினார்.
இந்தத் தடவை சந்தேகமில்லை, அது சிரிப்பில்லை.
லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த பெரியகருப்பன்
பீடியைக் காதில் செருகிவிட்டுச் சொன்னார்:
"பாங்குல லோன் போட்ட மாட்டுக்குக்
காதுல வில்லை குத்துறானே,
அது மாதிரி தனியா ஒரு அட்டை
தையல்ல கோத்து விட்டா என்ன?"

அப்படித்தான் தொங்குகிறது இப்போது.
அறுத்த மாதம், அவித்த நாள்,
படிக்கு எவ்வளவு தண்ணீர்.

"நீ என்னதான் செஞ்ச?"
உமையாள் கேட்கிறாள்.
நியாயமான கேள்வி.
எழுதியது ஜெரால்டு, கோத்தது பெரியகருப்பன்,
நான் ஸ்டாண்டில் நின்றேன்.
அவளும் அதை அப்படியே பதிந்திருக்கிறாள்,
பார்க்கிங், பதினைந்து ரூபாய்.

நேற்று மதியம் ஒரு போன்.
கல்லலில் ஒரு ஹாஸ்டல், சமைக்கிறவர் பெயர் அங்காயி.
"கட்டத்தக் காட்டுனேன், எழுத்தா வருது.
எனக்குப் படிக்க வராது தாயி.
அது பேசுமா?"

எனக்குத் தெரியாது.
"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.
"எங்கே?" என்றார் சாத்தப்பன்.
செக்காலை வரைக்கும்.
ஸ்கூட்டி முதல் உதையில் கிளம்பவில்லை,
இரண்டாவதில்.
சாக்கோட்டை தாண்டும் வரை
ஒரு மூட்டை காதோரம் பேசிக்கொண்டே வந்தது,
அங்காயியின் பேச்சிலேயே:
ரெண்டு தடவ அலசு தாயி,
பழைய அரிசி இது, கொஞ்சம் கூடுதலாவே ஊத்து,
அவசரப்படாத